கோபுரம் போட்ட காகிதம்

மல்லாங்கிணற்றில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பரணில் இருக்கும், இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் இருக்கும். அதற்குள் பட்டுச் சேலை இருக்கிறதோ இல்லையோ, காகிதங்கள் இருக்கும். நிலத்துப் பட்டா, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், முதியோர் உதவித்தொகை உத்தரவு, இப்படிப் பல.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட அவற்றில் எது முக்கியம் என்று சொல்லிவிடுவாள்.

"தாயி, கோபுரம் போட்ட காயிதத்தை மொதல்ல எடுத்து வை. மத்ததைப் பொறகு பாத்துக்கிடலாம்" என்பாள் பேத்தியிடம்.

பேத்தி பள்ளிக்கூடம் போகிறவள். சும்மா இருப்பாளா? "இது எந்த ஊருக் கோபுரம் அப்பத்தா?" என்பாள்.

"நம்ம ஆண்டாள் கோயில் கோபுரந்தான். வேற எது?"

விருதுநகர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்த மாவட்டத்து ஊர். அதன் கோபுரம் அரசாங்க முத்திரையில் இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் பெருமை.

ஆனால் அந்தப் பதில் சரியா? கேள்வி சின்னதுதான். என்றாலும் கோபுரத்துக்கு அடியில் "வாய்மையே வெல்லும்" என்று அச்சிட்டிருக்கிறதே! அப்படிப்பட்ட முத்திரையைப் பற்றி நாம் சொல்வதும் வாய்மையாக இருக்க வேண்டாமா?

படம் பேசும்

எழுத்து எல்லோருக்கும் வராத காலத்தில் படம்தான் எழுத்து. சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீப்பெட்டி வாங்க வருகிறவர் கம்பெனிப் பெயரைப் படிக்க மாட்டார். "அணில் மார்க் கொடு", "சேவல் மார்க் கொடு" என்றுதான் கேட்பார். ஒட்டியிருக்கும் படத்தை மாற்றிவிட்டால், உள்ளே அதே குச்சி இருந்தாலும் வாங்க மாட்டார். படத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ராஜாக்களும் இதைத்தான் செய்தார்கள்.

ஐரோப்பாவில் சுமார் 800, 900 ஆண்டுகளுக்கு முன்பு போர்வீரர்கள் தலையிலிருந்து கால் வரை இரும்புக் கவசம் அணிந்தார்கள். முகமும் மூடியிருக்கும். எதிரில் வருகிறவன் நண்பனா, பகைவனா? தெரியாது. அதனால் கேடயத்தில் சிங்கம், கழுகு, சிலுவை என்று ஆளுக்கொரு சின்னம் தீட்டிக்கொண்டார்கள். கவசத்தின் மேல் போடும் சட்டையிலும் அதே சின்னம். பிறகு அது அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. குடும்பச் சொத்து ஆயிற்று. ராஜ குடும்பத்தின் சின்னம் நாட்டின் சின்னம் ஆயிற்று. வெள்ளைக்காரர் நம்மை ஆண்டபோது, கேடயத்தின் ஒரு பக்கம் சிங்கமும் மறு பக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நிற்கும் பிரிட்டிஷ் முத்திரையை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். ஒற்றைக் கொம்புக் குதிரை என்று ஒரு மிருகம் உலகத்தில் இல்லை! இருந்தாலும் ஆட்சி நடந்தது.

மொரீஷியஸ் தீவின் சின்னம் இதைவிட வேடிக்கை. அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைக்க நம் ஆட்கள் கப்பல் ஏறிப் போனார்கள். அந்தத் தீவின் சின்னத்தில் ஒரு பக்கம் மான்; இன்னொரு பக்கம் டோடோ என்ற பறவை. இரண்டுக்கும் பக்கத்தில் கரும்பு. டோடோ அந்தத் தீவில் மட்டும் இருந்த பறவை. பறக்கத் தெரியாது. வெளியிலிருந்து மனிதர் வந்து குடியேறிய பிறகு, சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்தது. உயிரோடு இருந்தபோது அதைக் காப்பாற்ற ஆள் இல்லை. முத்திரையில் மட்டும் பத்திரமாக நிற்கிறது.

புலியும் கயலும்

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் மிகப் பழையது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் மீன். மல்லாங்கிணறு இருப்பது பாண்டிய நாடு. இந்த மண்ணின் பழைய முத்திரை மீன்தான்.

திருவாலங்காட்டில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு கிடைத்தது. மொத்தம் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் சோழனின் முத்திரை இருக்கிறது. அதில் புலி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. கூடவே இரண்டு மீன்கள். வில்லும் இருக்கிறது. "பாண்டியனும் சேரனும் எனக்கு அடங்கியவர்கள்" என்று ஒரு சொல் எழுதாமலே சோழன் சொல்லிவிட்டான். பாண்டிய நாட்டுக்காரர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமான முத்திரைதான். ஆனாலும் அழகான முத்திரை.

விருதுநகர் என்ற பெயரிலேயே சின்னம் இருக்கிறது. பழைய நாளில் "விருது" என்றால் வெற்றி பெற்றவன் தூக்கிப் பிடிக்கும் கொடி, சின்னம். பல ஊர்களை வென்ற ஒரு வீரன் தன் விருதுகளோடு இங்கே வந்து சவால் விட்டானாம். உள்ளூர்க்காரர் ஒருவர் எதிர்த்து நின்று அவனை வெட்டி, விருதுகளைப் பறித்துக்கொண்டாராம். அதனால் "விருதுகள்வெட்டி" என்று பெயர் வந்து, அது விருதுபட்டி ஆயிற்று என்பது ஊர்க் கதை. 1923-ம் ஆண்டு விருதுபட்டி, விருதுநகர் ஆனது. கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அடுத்தவன் சின்னத்தைப் பறிப்பதுதான் பெரிய வெற்றி என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள் என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது.

நாலாவது சிங்கம் எங்கே?

இந்தியா சுதந்திரம் அடைந்தபோது பெரிய கேள்வி எழுந்தது. அரசர்கள் போய்விட்டார்கள். இனி ஆட்சி மக்களுடையது. மக்களின் ஆட்சிக்கு எந்த முத்திரை?

விடை காசிக்குப் பக்கத்தில் இருந்தது. சாரநாத் என்ற ஊரில்தான் புத்தர் முதன் முதலாகத் தமது அறத்தைப் போதித்தார். அந்த இடத்தில் அசோகச் சக்கரவர்த்தி ஒரு கல்தூண் நிறுத்தினார். இது நடந்தது இன்றைக்கு 2,200 ஆண்டுகளுக்கும் முன்பு. பிறகு தூண் உடைந்து மண்ணுக்குள் புதைந்தது. 1905-ம் ஆண்டு ஓர்ட்டெல் என்ற எஞ்சினீயர் தோண்டி எடுத்தார். தூணின் உச்சியில் இருந்த பகுதி சுமார் 7 அடி உயரம். ஒரே கல்லில் செதுக்கிக் கண்ணாடிபோல் மெருகேற்றியது. இன்றும் சாரநாத் காட்சிசாலையில் இருக்கிறது.

ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று சிங்கங்கள் தெரியும். உண்மையில் நான்கு. முதுகோடு முதுகு சேர்ந்து நாலு திசையும் பார்த்து நிற்கின்றன. நாலாவது சிங்கம் பின்பக்கம் இருப்பதால் படத்தில் தெரியாது.

சிங்கங்களின் காலடியில் ஒரு வட்டப் பீடம். நடுவில் சக்கரம். நமக்கு வலப் பக்கம் எருது. இடப் பக்கம் பாய்ந்து ஓடும் குதிரை. அசல் சிற்பத்தில் இன்னும் இரண்டு மிருகங்கள் உண்டு: யானை ஒன்று, நடக்கிற சிங்கம் ஒன்று. அவையும் பின்பக்கம் மறைந்திருக்கின்றன. "நாணயத்தில் யானை எங்கே?" என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நாணயத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவார்கள்!

சிங்கங்களின் தலைக்கு மேலே முன்பு ஒரு பெரிய கல் சக்கரம் இருந்தது. அது உடைந்து, துண்டுகள் மட்டும் கிடைத்தன. அடியில் கவிழ்ந்த தாமரை ஒன்று உண்டு. முத்திரையில் தாமரையை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக "சத்யமேவ ஜயதே" என்ற எழுத்து வந்தது. முண்டக உபநிடதத்தில் உள்ள சொற்கள். உண்மையே வெல்லும் என்று பொருள்.

1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, இந்தியா குடியரசு ஆன அன்றே, இது நாட்டின் சின்னம் ஆயிற்று. அதற்கு முந்தின ஆண்டே, 1949-ல், ஒரு ரூபாய் நோட்டில் இங்கிலாந்து மன்னரின் தலை போய்ச் சிங்கம் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்காகச் சிங்கத்தை வரைந்தவர் தீனநாத் பார்கவா. சாந்தி நிகேதனத்தில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்ற இளைஞர். சிங்கம் எப்படி நிற்கிறது, எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் கல்கத்தா மிருகக்காட்சிசாலைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

இந்தச் சிங்கங்களின் முகத்தைப் பற்றிச் சமீபத்தில் ஒரு வழக்கே நடந்தது. டில்லியில் புதிய பார்லிமெண்டு கட்டடத்தின் உச்சியில் வெண்கலச் சிங்கங்களை வைத்தார்கள். உயரம் 6.5 மீட்டர். எடை 9,500 கிலோ. 2022-ம் ஆண்டு ஜூலையில் திறந்தபோது, "சாரநாத் சிங்கம் சாந்தமானது, இது சீறுகிறது" என்று பலர் சொன்னார்கள். "கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்" என்று வேறு சிலர் சொன்னார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. சட்டம் மீறப்படவில்லை, சிங்கம் எப்படித் தோன்றுகிறது என்பது பார்க்கிறவர் மனத்தைப் பொறுத்தது என்ற கருத்தோடு கோர்ட்டு மனுவைத் தள்ளிவிட்டது. ஒரு சிங்கத்தின் முகம் சற்று மாறினால் நாடே பேசுகிறது. சின்னத்தில் மக்களுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது நல்லதுதான்.

படிக்க முடிந்த எழுத்து

இனி நம் கோபுர முத்திரைக்கு வருவோம்.

வட்டத்துக்குள் கோபுரம். அதன் முன்னால் அசோகச் சிங்கங்கள். இரு பக்கமும் தேசியக் கொடி. சுற்றிலும் எழுத்து: மேலே "தமிழ்நாடு அரசு", கீழே "வாய்மையே வெல்லும்".

முத்திரை உருவான ஆண்டு 1949. அப்போது இது சென்னை மாகாணம். ஆந்திரப் பகுதியும் மலபாரும் இதோடு சேர்ந்திருந்தன. முத்திரைக்குக் கோபுரம் என்றதும் எதிர்ப்பும் எழுந்தது. "எல்லா மதத்தாருக்கும் பொதுவான அரசாங்கத்துக்குக் கோயில் கோபுரம் பொருந்துமா?" என்று கேட்டார்கள். கோபுரம் மதத்தின் அடையாளம் அல்ல, தென்னாட்டுக் கட்டடக் கலையின் அடையாளம் என்று பதில் சொல்லப்பட்டது. கேட்டதும் நியாயம். சொன்ன பதிலிலும் நியாயம் இருக்கிறது. கோபுரத்தைத் தூரத்தில் பார்த்ததும் "ஊர் வந்துவிட்டது" என்று நினைப்பதில் மதம் ஒன்றும் இல்லையே!

முத்திரையில் நடந்த பெரிய மாறுதல் படத்தில் அல்ல, எழுத்தில்தான். முதலில் அதிலும் "சத்யமேவ ஜயதே" என்றுதான் இருந்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில், அதாவது 1967-க்கும் 1969-க்கும் இடையில், அது "வாய்மையே வெல்லும்" ஆயிற்று. சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது 1967 ஜூலை 18-ந் தேதி. பெயர் அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14-ந் தேதி.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதுவரை முத்திரையில் இருந்த எழுத்து நம் கிராமத்து ஜனங்களுக்கு ஒரு கோலம் மாதிரி. பார்க்கலாம், படிக்க முடியாது. இப்போது முதல் வகுப்பு முடித்த பிள்ளை எழுத்துக் கூட்டி "வாய்-மை-யே" என்று படித்துவிடும். திருக்குறளில் வாய்மைக்கு ஒரு தனி அதிகாரமே உண்டு, 30-வது அதிகாரம். யாருக்கும் தீமை இல்லாத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் கருத்து. இந்தக் காகிதம் உனக்குத் தீமை செய்யாது, இதில் பொய் இல்லை என்று அரசாங்கம் கிழவியின் கையில் எழுதிக் கொடுக்கிறது. படம் அடையாளம் மட்டும் காட்டும். எழுத்து வாக்குக் கொடுக்கிறது. வாக்கைப் படிக்கத் தெரிந்தவன்தான் "வாக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கவும் முடியும்.

சிங்கத்தைத் திருடுகிறவர்கள்

தீப்பெட்டிச் சீட்டில் அணில் போடலாம், மயில் போடலாம். சாரநாத் சிங்கம் போட முடியாது. அரசாங்க முத்திரையையும் தேசியக் கொடியையும் வியாபாரச் சின்னமாகப் பயன்படுத்தக் கூடாது என்று 1950-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அது போதாது என்று 2005-ல் நாட்டின் சின்னத்துக்காகவே இன்னொரு சட்டம் போட்டார்கள். மீறினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2007-ல் வந்த விதிகள் இன்னும் கண்டிப்பு. முன்னாள் மந்திரி, முன்னாள் எம்.பி., ஓய்வுபெற்ற நீதிபதி, ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் யாரும் பழைய பதவியைச் சொல்லிச் சிங்கம் போட்டுக்கொள்ள முடியாது. பாங்கிகளும் பல்கலைக்கழகங்களும் பஞ்சாயத்துகளும்கூட, அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தால் ஒழிய, அதைத் தொடக் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? கிழவியின் நம்பிக்கை இருக்கிறதே, அதைக் காப்பாற்றத்தான். சிங்கம் அச்சிட்ட சீட்டை நீட்டி, "நான் பெரிய ஆபீசர், உங்கள் பையனுக்கு வேலை வாங்கித் தருகிறேன்" என்று பணம் பறிக்கிறவன், பணத்தை மட்டும் திருடவில்லை. அந்தக் குடும்பம் அடுத்த முறை உண்மையான அரசாங்கக் கடிதம் வந்தாலும் நம்பாது. மோட்டார் கண்ணாடியில் சிங்கம் ஒட்டிக்கொண்டு சுங்கச் சாவடியில் மிரட்டுகிறவரும் அந்த இனம்தான். கொஞ்சம் நாகரிகமான உருப்படி!

கோபுரத்தைப் பார்த்தவுடன் கைகூப்புவதோடு நிறுத்தக் கூடாது. சான்றிதழில் எண் இருக்கிறதா, கையெழுத்து யாருடையது, தேதி என்ன என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தாலுகா ஆபீசில் கேட்க வேண்டும். இப்போது பல சான்றிதழ்களில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிக் குறியீடு இருக்கிறது. செல்போனைக் காட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். பேத்திக்கு அது தெரியும். அப்பத்தா அவளைக் கேட்கலாம்.

எந்தக் கோபுரம்?

இப்போது முதல் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று சொல்வதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பிறகு முதல் மந்திரி ஆனவர் பி. எஸ். குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஊர். அதே ஆண்டில் முத்திரை வந்தது. ரசிகமணி டி. கே. சி.தான் அந்தக் கோபுரத்தைச் சொன்னார் என்பவர்களும் உண்டு. 11 நிலை, சுமார் 192 அடி உயரம் என்று ஓங்கி நிற்கும் கோபுரம் அது. மற்ற பெரிய கோபுரங்களைப்போல உடம்பெல்லாம் சுதைப் பொம்மைகள் நிறைந்திருக்காது. முத்திரையில் இருக்கும் கோபுரத்திலும் தெய்வ உருவங்கள் கிடையாது. சுற்றுலாப் புத்தகங்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே அச்சிடுகின்றன.

ஆனால் முத்திரையை வரைந்த கை ஒன்று உண்டு. அவர் பெயர் ஆர். கிருஷ்ணராவ். மதுரையில் பிறந்த ஓவியர். "நான் பார்த்து வரைந்தது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம்" என்ற கருத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

எதை ஏற்பது? கேட்டவர்கள் மனத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருந்திருக்கலாம். வரைந்தவர் கண்ணில் மதுரை இருந்திருக்கிறது. பிறந்து வளர்ந்த ஊரின் கோபுரம், கண்ணை மூடினாலும் ஓவியனுக்குத் தெரியும். ஒரு படம் எதைப் பார்த்து வரையப்பட்டது என்பதற்கு, வரைந்தவர் வார்த்தையைவிடப் பெரிய சாட்சி இல்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மதுரைக் கோபுரம் என்று ஓவியர் சொன்னதையும் நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கோடிக்கணக்கான காகிதங்களில் அவர் படம் இருக்கிறது. அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு குறைவும் இல்லை. முத்திரை வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆண்டாளின் ஊராகப் பேர் பெற்ற ஊர் அது.

மல்லாங்கிணற்றுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மதுரை வடக்கே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் தென்மேற்கே இருக்கிறது. இரண்டு ஊருக்கும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய் மேற்குக் கோபுரத்துக்கு எதிரே நில்லுங்கள். அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர். கையில் கோபுரம் போட்ட காகிதம் ஒன்று இருக்கட்டும். பட்டா வேண்டாம், தொலைந்து போகும். பிள்ளையின் பாடப் புத்தகம் போதும். அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள்.